பீரங்கித் தொப்பியில் அச்சுமுறுக்கு

ஜாபிருக்குத் தலை ஒன்று, ஹெல்மெட் ஏழு. ஏழும் வீட்டில் பத்திரமாக இருக்க, கடலூர் செம்மண்டலம் சிக்னலில் ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டியதற்கு அபராதம் கட்டியவன் என்ற பெருமையும் அவனுக்கு உண்டு. "வீட்ல ஏழு இருக்கு சார்" என்று அவன் சொன்னதைக் காவலர் நக்கல் என்று எடுத்துக்கொண்டார். உண்மை பேசுகிறவனுக்குச் சிக்னலில் மரியாதை அவ்வளவுதான்.

அந்த ஏழும் பைக்கில் போட்டுக்கொண்டு போகிற ஜாதி இல்லை. இரண்டாம் உலகப் போரில் கப்பலின் மேல்தளத்தில் நின்று பீரங்கி சுட்ட ஆட்கள் தலையில் இருந்தவை. நான்கு, பிரிட்டிஷ் கடற்படையுடையவை. கவிழ்த்தால் தொப்பி, நிமிர்த்தினால் வாணலி. அகலமான விளிம்பு, சாம்பல் நிறம், முன்பக்கம் வெள்ளை பெயிண்டில் ஒரு எழுத்தும் எண்ணும். இரண்டு, சாதாரண அமெரிக்கத் தொப்பிகள். ஏழாவதுதான் ராஜா. பீரங்கிக் குழுவில் ஒருவன் மட்டும் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பான். கப்பலின் இன்னொரு மூலையிலிருந்து அதிகாரி சொல்கிற உத்தரவைக் கேட்டு, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், அப்படியே மற்றவர்களுக்குக் கத்திச் சொல்வது அவன் வேலை. ஹெட்போனுக்கு மேலே போட வேண்டுமே என்று அவனுக்கு மட்டும் பூசணிக்காய் அளவில் ஒரு தொப்பி செய்து, உள்ளே தடித்த ரப்பர் பஞ்சு ஒட்டிக் கொடுத்திருந்தார்கள்.

ஜாபிர் முதலில் வாங்கியது அந்தப் பூசணிக்காயைத்தான். ஏசி மெக்கானிக் வேலை பழகிக்கொண்டிருந்த காலத்தில், கடலூர் ஓல்டு டவுனில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதில் நட்டும் போல்ட்டும் போட்டு வைத்திருந்தார்கள். விளையாட்டாக எடுத்துத் தலையில் கவிழ்த்தான். சம்மட்டிச் சத்தம் நின்றது. லாரி ஹாரன் நின்றது. சட்டைப்பையில் போன் அடித்ததும், அதில் அவனுடைய உம்மா ஐந்து தடவை கூப்பிட்டதும் தெரியவே இல்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நிம்மதியை அவன் அனுபவித்ததில்லை. நட்டையும் போல்ட்டையும் தரையில் கொட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தான். மற்ற ஆறும் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன: கப்பல் உடைக்கிற இடத்துச் சாமான் விற்கிறவரிடமிருந்து ஒன்று, மலாக்காவிலிருந்து வந்த சொந்தக்காரரின் பெட்டியில் ஒன்று, இணையத்தில் சண்டை போட்டு ஏலத்தில் எடுத்தது ஒன்று, இப்படி.

இப்போது அந்த ஏழுக்கும் ஆபத்து வந்திருந்தது. ஆபத்தின் பெயர் கல்யாணம்.

ஜாபிர் வீடும் சரி, அவன் பெண்ணெடுத்த வீடும் சரி, பரங்கிப்பேட்டை வழி வந்த குடும்பங்கள். அவர்கள் வழக்கத்தில் பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். அரை வருஷத்துக்கு முன் ஜாபிர் அப்படித்தான் ஒரு சூட்கேசோடு சிதம்பரத்துக்குப் போய் ஃபர்ஹீன் வீட்டு மாப்பிள்ளை ஆனான். ஹெல்மெட்டுகள் செம்மண்டலத்தில் அவன் பழைய அறையிலேயே இருந்தன. அடுத்து அவன் தங்கை ரூமானாவுக்கு நிக்காஹ் நிச்சயமாகிவிட்டது. அதே வழக்கப்படி அத்னான் என்கிற மாப்பிள்ளை இங்கே வருவான். வருகிற மாப்பிள்ளைக்கு அந்த அறைதான்.

"அத்னான் வந்து படுக்குற ரூம்புல ஒன் வெள்ளக்காரன் சட்டியெல்லாம் அடுக்கி வெச்சா நல்லாவா இருக்கும்?" என்றாள் உம்மா அமீருன்னிசா. "நிக்காஹ்வுக்கு முந்தி எடுத்துக்கிட்டுப் போயிரு. இல்லாட்டி இரும்புக்காரனக் கூப்புட்ருவேன்."

"உம்மா, அது சட்டியில்ல. தொப்பி."

"தொப்பியா? ஒரு நாளாச்சும் போட்டுக்கிட்டு ஜும்ஆவுக்குப் போயிருக்கியா?"



எடுத்துக்கொண்டு போவது என்றால் சிதம்பரத்துக்குத்தான் போக வேண்டும். அங்கேதான் சிக்கல். மாமனார் அப்துல் வதூது காட்டுமன்னார்கோயில் பக்கத்து ரைஸ் மில்களிலிருந்து அரிசி வாங்கி விற்கிறவர். நல்ல மனிதர். மாமியார் மைமூன் பீவி அதைவிட நல்லவர். அவர் கையால் இரண்டு தோசை போதும் என்று சொன்னால் நான்கு விழும். மாப்பிள்ளை ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் கிடையாது. அதனாலேயே ஜாபிருக்குக் கேட்க வாய் வரவில்லை. 'மாமி, என்னிடம் செத்துப்போன சிப்பாய்களின் தொப்பி ஏழு இருக்கிறது, எங்கே வைக்கட்டும்?' என்று புது மாப்பிள்ளை எந்த முகத்தோடு கேட்பான்? பெண்ணைக் கொடுத்தோமே, விசாரித்தோமா என்று அவர்கள் ராத்திரி பேசிக்கொள்ளமாட்டார்களா? ஃபர்ஹீனிடம்கூட, "கொஞ்சம் பழைய சாமான் இருக்கு" என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். அவள் பழைய மொபைல் போன் என்று நினைத்துக்கொண்டாள்.

கேட்க முடியாதவன் கடத்துவான். ஜாபிரின் கூட்டாளி இளவரசு தினமும் கடலூர் துறைமுகத்து மீனைத் தன் குட்டியானை வண்டியில் சிதம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டு வருகிறவன். திட்டம் அவனுக்கு விளக்கப்பட்டது. நிக்காஹ்வுக்கு அழைக்க உம்மா எப்படியும் சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் அனுப்புவாள். அந்தப் பலகாரத்தைப் பாத்திரத்துக்குப் பதிலாக இந்த ஏழிலும் வைத்து அனுப்பினால்? பாத்திரமாக வீட்டுக்குள் நுழைந்துவிடும். அப்புறம் சத்தமில்லாமல் பரண்மேல் ஏற்றிவிடலாம்.

"பாய், இதுல ஏதோ ஓட்ட இருக்குற மாறி தெரியுதே" என்றான் இளவரசு.

"எங்க?"

"தெரியல. ஆனா இருக்குது."

ஜாபிர் பயபக்தியோடு உள்ளே வாழையிலை வைத்து, அதன்மேல் பட்டர் பேப்பர் வைத்தான். எண்பது வருஷத்துப் பெயிண்ட் மாமியார் வயிற்றுக்கு ஆகாது. அமீருன்னிசா அச்சுமுறுக்கு, நெய்யுருண்டை, அதிரசம் என்று அடுக்கினாள். தொலைந்தால் சரி என்று பூசணிக்காய்க்கு மட்டும் ஒரு கை கூடவே வைத்தாள். மேலே ஜரிகைத் துணி போட்டு மூடியதும், இந்தியப் பெருங்கடலில் குண்டு வீச்சுக்குத் தப்பியவை எல்லாம் சீர்த்தட்டு மாதிரி அடக்கமாக உட்கார்ந்துகொண்டன.

சிதம்பரத்தில் மைமூன் பீவி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "யா அல்லாஹ், என்னா கனம்! என்ன சட்டி இது?"

"கடலூர் சட்டிங்க" என்றான் இளவரசு. ஜாபிர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சம்பந்தி வீட்டுச் சாமானெல்லாம் அந்தக் காலத்துக் கனம். இப்ப வர்றது எல்லாம் தகரம்" என்று மைமூன் பீவி மரியாதையோடு உள்ளே எடுத்துப் போனார். ஜாபிருக்குச் சிரிப்பு வந்தது. வேலைக்குக் கிளம்பிவிட்டான். கோடைகாலம், ஊரில் பாதி ஏசி படுத்திருந்தது.

சாயங்காலம் திரும்பி வந்தபோது ஏழில் ஒன்றைக்கூடக் காணோம்.

"மாமி, அந்தச் சட்டி…"

"அப்பவே அனுப்பிட்டேன் மாப்பிள. அந்தத் தம்பி வண்டி கடலூருக்குச் சும்மாதானே போவுது? சீரகச் சம்பா வெச்சு அனுப்பிருக்கேன்."

ஓட்டை அதுதான். ஊரில் மூன்று வயசுக் குழந்தைக்குத் தெரியும்: பலகாரம் வந்த பாத்திரத்தை வைத்துக்கொள்ளக் கூடாது, வெறுமையாகத் திருப்பவும் கூடாது. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். ஏசி மெக்கானிக்குக்குக் கம்ப்ரசரின் உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியும். அடுப்படியில் என்ன ஓடுகிறது என்பது மறந்துபோயிருந்தது.

போன் வந்தது. "என்னடா, தொலஞ்சுதுன்னு நெனச்ச முஸீபத்து அரிசியோட திரும்பி வந்துருக்கு!" என்றாள் அமீருன்னிசா. அடுத்த மூச்சில் குரல் இறங்கியது. "ஆனா அரிசி நல்ல அரிசிடா. ஏழு சட்டி நெறயப் போட்ருக்காங்க. நாம அனுப்புனது வெறும் முறுக்கு. என்ன நெனச்சிருப்பாங்க?"

அதன்பிறகு அது ஜாபிரின் விஷயமாக இல்லாமல் போனது. இரண்டு சம்பந்திகளுக்கு நடுவில் நடக்கிற விஷயமாகிவிட்டது. கடலூரிலிருந்து பண்ருட்டிப் பலாச்சுளை வந்தது. சிதம்பரத்திலிருந்து முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டலப்பம் போனது. அன்றைக்கு எப்படியாவது தடுத்துவிடலாம் என்று ஜாபிர் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தான். "நல்லதாப் போச்சு, கொஞ்சம் புடிங்க மாப்பிள" என்று மைமூன் பீவி ஒவ்வொன்றாக அவன் கையில் கொடுத்தார். ஏலத்தில் சண்டை போட்டு எடுத்ததைத் தன் கையாலேயே குட்டியானையில் ஏற்றினான்.  இளவரசு சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"சிரிச்சுத் தொலடா" என்றான் ஜாபிர்.

"இல்ல பாய். எனக்கு ஒண்ணுதான் வருத்தம். இவ்ளோ பலகாரம் போவுது வருது, டிரைவருக்கு ஒரு தொப்பி கெடையாதா?"

மூன்றாவது நடையில் அமீருன்னிசா இறால் ஊறுகாய் அனுப்பினாள். ஊறுகாய் ஜாடி பெரிதாக இருந்ததால் அது பூசணிக்காய்க்குள் உட்கார்ந்தது. ஆலப்பாக்கம் தாண்டி ஒரு வேகத்தடை. இளவரசு அதைப் பார்த்தான், ஆனால் தாண்டிய பிறகு பார்த்தான்.

அன்று ஜாபிர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டான். அறை அறையாகப் பார்த்தான். ஆறு தொப்பிகள் வெல்லத்தோடு கடலூருக்குப் புறப்பட்டுப் போயிருந்தன. ஏழாவது எங்கே என்று கொல்லைக்குப் போனான். துணி துவைக்கிற கல்லின்மேல் புது எவர்சில்வர் அண்டா மாதிரி ஒன்று வெயிலில் பளபளவென்று மின்னியது. பக்கத்தில் புளி, சாம்பல், தேய்ந்துபோன கம்பி நார். கொஞ்சம் தள்ளி, குப்பைக்கூடையில், இறால் வாசனையோடு தடித்த ரப்பர் பஞ்சு.

அவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. எத்தனையோ கடல்காற்றையும் பீரங்கிப் புகையையும் தாங்கிய சாம்பல் நிறம் கல்லின்மேல் ஓடி, சாக்கடைக் குழாயில் ஒரு கோடாக இறங்கிப் போயிருந்தது.

"ஊறுகா கொட்டிருச்சு மாப்பிள" என்றார் மைமூன் பீவி, மூச்சு வாங்க. "எண்ணெ உள்ள எறங்கி ஒரே நாத்தம். சம்பந்தி வீட்டுச் சாமான இப்புடியா திருப்பி அனுப்புறதுன்னு காலையிலேருந்து தேய்க்கிறேன். அடேயப்பா, என்னா கறை! எத்தன வருஷமா வெளக்காம விட்டாங்களோ. இப்பப் பாருங்க, முகம் பாக்கலாம்."

ஜாபிர் பார்த்தான். அதில் அவன் முகம் தெரிந்தது. அழுதுவிடுகிற முகமாக இருந்தது. துவைக்கிற கல்லின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

மாமியார் பயந்துபோய், "ஃபர்ஹீனு! இங்க வா, மாப்பிளக்கி மயக்கமா வருது" என்று கத்தினார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிற ஃபர்ஹீன் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளோடு ஓடி வந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த வதூதும் கையைக் கழுவாமல் வந்து நின்றார்.

ஃபர்ஹீன் பளபளப்பைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், குப்பைக்கூடையைப் பார்த்தாள். "மச்சான், அது சட்டியில்லதானே?" என்றாள்.

"இல்ல."

"அப்ப சொல்லிருங்க. இப்பயாச்சும்."

ஜாபிர் சொன்னான். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் அதிகம். பீரங்கி சுடுகிற சத்தத்தில் ஆள் கத்துவது ஆளுக்குக் கேட்காது. ஒருத்தன் காதில் மட்டும் உத்தரவு வரும். அவன் சொல்வதை நம்பித்தான் மற்றவர்கள் திருப்புவார்கள், சுடுவார்கள், குனிவார்கள். அவன் தலைக்குத்தான் இது. நான்கில் இருக்கிற வெள்ளை எழுத்து என்ன, எண் என்ன, ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது, எல்லாவற்றையும் சொன்னான். கை தானாகவே பீரங்கியைத் திருப்பிக் காட்டியது. வதூதின் கையில் சோறு காய்ந்துபோனது.



"அப்ப இத்தன நாளா," என்றார் மைமூன் பீவி மெதுவாக, "சண்டக்கப்பல்காரன் தொப்பியிலயா சம்பந்தி வீட்டு அச்சுமுறுக்கத் தின்னோம்?"

"முறுக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் வதூது.

"நீங்க சும்மா இருங்க. நானும் சட்டிதான்னு வட்டலப்பம் ஊத்தி… ஏன் மாப்பிள, கேட்டிருந்தா எடம் குடுக்கமாட்டோமா? எதுக்கு இந்தத் திருட்டு வேல?"

"பைத்தியம்னு நெனச்சுடுவீங்களோன்னு…"

"நாங்க வேற நெனச்சுக்கிட்டுருந்தோம்." அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். பேச்சு கொஞ்சம் தடுமாறியது. "வந்து அர வருஷம் ஆவுது. இந்த வீட்டுல ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமான்னு நீங்க கேட்டதில்ல. சட்டைய எடுத்து, மடிச்சு, திரும்பப் பொட்டியிலயே வெக்கிறீங்க. நாளைக்கே கெளம்புற ஆளு மாறி. துபாய்க்குப் போறேன், பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு என்னிக்குச் சொல்லப் போறாரோன்னு நான் இவர்கிட்ட தெனம் பொலம்புறேன். ஒங்க உம்மா வீட்டுக்கு அத்தன அரிசி எதுக்குக் குடுத்துவுட்டேன்னு நெனச்சீங்க? ஒன்ன அங்க நல்லா வெச்சுருக்காங்கடான்னு அவுங்களாச்சும் ஒங்ககிட்ட சொல்லட்டும்னுதான்."

  ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று, ஒருவருக்கு ஒருவர் தொந்தரவாகிவிடக் கூடாதே என்று இத்தனை நாளாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சூட்கேசிலிருந்து சட்டையை எடுத்து அலமாரியில் வைக்காததற்கு ஜாபிரிடம் காரணம் எதுவும் இல்லை. வை என்று யாரும் சொல்லவில்லை. வைக்கலாமா என்று அவனும் கேட்கவில்லை.

"துபாயா?" என்றான் கடைசியில். "எனக்குக் கடலூருக்குப் போற வழியில புதுச்சத்திரம் தாண்டுனாலே தலவலி மாமி."

ஃபர்ஹீன்தான் முதலில் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. உம்மா.

"டேய், பெயிண்டர் வந்து நிக்கிறான். ரூம்ப இன்னிக்கே காலி பண்ணணும்ங்கிறான். ஒன் ஆறும் வெல்லத்தோட வந்துருக்கு. வெல்லத்த எடுத்துட்டேன். இரும்புக்காரனும் வாசல்ல நிக்கிறான், தராசு தொங்குது. போட்றவா?"

"உம்மா! இரும்மா! நாளைக்கி—"

"நாளைக்கி நாளைக்கின்னு ரெண்டு மாசம் சொல்லிட்ட. வர்ற மருமவனுக்குக் கட்டில் போட எடமில்ல. ஒன்னால முடியாதுடா. ஒனக்கு அங்க வெக்க எடமில்லன்னுதானே இங்கயே சுத்துது?"

அவள் சொன்னது கொல்லை முழுக்கக் கேட்டது. ஜாபிர் போனைப் பிடித்தபடி நின்றான். வைக்க இடம் இருக்கிறது என்று அவன் சொல்ல வேண்டும். சொல்ல அவனுக்கு உரிமை இருக்கிறதா என்று இன்னும் நாக்கு யோசித்துக்கொண்டிருந்தது.

மைமூன் பீவி ஈரக்கையோடு போனை வாங்கினார். "சலாம் அலைக்கும் சம்பந்தி. மைமூன் பேசுறேன். எங்க வீட்டுச் சாமான நீங்க எப்புடி இரும்புக்குப் போடுவீங்க?"

 அமீருன்னிசா பேச்சற்றுப் போனதைக் கேட்டவர்கள் அந்த ஜில்லாவில் அன்றைக்கு நான்கு பேர்தான்.

"வ அலைக்கும் சலாம்… இல்ல சம்பந்தி… அது வந்து, சட்டியில்ல, இவன் கிறுக்கா வாங்கி வெச்ச…"

"தெரியும், தெரியும். சண்டக்கப்பல் தொப்பி. மாப்பிள இப்பத்தான் எல்லாம் வெவரமாச் சொன்னாரு. அதுல நாலுல நம்பரு இருக்குது, பாத்தீங்களா? அத யாரும் தேச்சுடாதீங்க. தராச எறக்கச் சொல்லுங்க. இன்னிக்கே வண்டியில ஏத்தி விட்ருங்க."

"ஏத்துறேன். ஆனா வெறுசா எப்புடி அனுப்புறது? நெய்ச்சோறு கெளறவா? ரெண்டு மணி நேரம் பொறுத்தா—"

"ஒண்ணும் வேணாம். நம்ம சாமான் நம்ம வீட்டுக்கு வருது. அதுக்கென்ன சீரு? வெறுசாவே வரட்டும்."

போனை ஜாபிரிடம் கொடுத்துவிட்டு அவர் மறுபடி துவைக்கிற கல்லருகே போனார். பளபளத்ததைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது போச்சுல்ல மாப்பிள? இனிமே பழைய மாறி ஆவாது?"

ஆகாது. ஏழில் அவன் முதலில் வாங்கியது அது. பெயிண்டும் பஞ்சும் போன பிறகு எந்தச் சேகரிப்பாளரும் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார். ஜாபிர் அதைச் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. "ஆவாது மாமி" என்றான். பிறகு, "நீங்களே வெச்சுக்குங்க" என்றான். இந்த ஏழில் ஒன்றை இன்னொருவருக்குக் கொடுப்பான் என்று யாராவது நேற்றுச் சொல்லியிருந்தால் அவர்களை மனநல மருத்துவரிடம் அனுப்பியிருப்பான். கொடுத்த பிறகு நெஞ்சில் வலி இருந்தது. ஆனால் தாங்கக்கூடிய வலி.

"நெசமாவா? உளுந்து ஊறப்போட நல்லா ஆழமா இருக்குது" என்று அவர் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் இளவரசு ஆறையும் கொண்டு வந்து இறக்கினான். ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான். "என்ன பாய், ஒண்ணுமே இல்ல? சண்டயா ரெண்டு வீட்டுக்கும்?"

"இல்லடா. சொந்தமாயிட்டோம்."

"அப்ப இனிமே எனக்குப் பலகாரம் கெடையாதா?" என்று அவன் உண்மையிலேயே கவலைப்பட்டான்.

எங்கே மாட்டுவது என்பதில் வீடு இரண்டாகப் பிரிந்தது. ஃபர்ஹீன் அவர்களுடைய அறை என்றாள். மைமூன் பீவி கூடம்தான் என்றார். வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா, வதூதின் சகலை வீட்டில் மாட்டியிருக்கிற மான்கொம்புக்கு இது எந்த விதத்தில் குறைச்சல்? ஜாபிர் தன் வேலைப் பையிலிருந்து டிரில் மெஷினை எடுத்தான். ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் ஏசி மாட்ட ஓட்டை போட்டிருக்கிறான். எதுவும் யோசித்ததில்லை. இந்தச் சுவரின் முன்னால் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நின்றான்.

"அங்க இல்ல, இன்னும் மேல. ஒசரமானவங்க வந்தா தல இடிக்கும்" என்றார் மைமூன் பீவி.

"தலயில இடிச்சா தப்பில்லம்மா, அது ஹெல்மெட்டு" என்றாள் ஃபர்ஹீன்.

"வாயாடாத. நீங்க போடுங்க மாப்பிள."

டிரில் அலறியது. பழைய காலத்துச் சுண்ணாம்புச் சுவர், பொலபொலவென்று உதிர்ந்தது. கீழே நாற்காலியில் வதூது டீ குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தூள் அவர் தோளில் விழுந்தது, பேப்பரில் விழுந்தது, டம்ளரிலும் விழுந்தது. ஜாபிர் பதறிப்போய் மெஷினை நிறுத்தினான்.

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"அடிங்க மாப்பிள" என்றார். "இன்னும் அஞ்சு இருக்குல்ல."